காரைக்குடி டிங்கரிங் பட்டறை: துருவை வெட்டுவார்கள், தேதியை மட்டும் நம்பாதீர்கள்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். தகர வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. பெயிண்டிங்குக்கு மூன்று. வயரிங்குக்கு ஒன்று, அதுவும் போனால் போகிறது என்று. சொன்ன தேதிக்கு வண்டியைத் தருவதில் பூஜ்யம். இதைக் கூட்டி வகுத்துச் சராசரி பார்க்காதீர்கள். பழைய கார் வைத்திருப்பவனுக்குத் தகரம்தான் தலைவலி. மற்றதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறை காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "வேணாம் சார், இருக்கிற வண்டியையே முடிக்க முடியலை" என்றார். அதனால் பெயரும் போன் நம்பரும் இங்கே இல்லை. வேப்பமரத்தடியில் இன்ஜின் இல்லாத ஒரு வேன் நிற்கும். அங்கே யாரையாவது கேட்டால் காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. சின்ன வயதுக்காரர்களுக்குப் பெயரே தெரிந்திருக்காது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் இன்றும் ரசிகர்கள் உண்டு, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக்கூட விடுகிறார்கள். ஹெரால்டை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. இத்தனைக்கும் மூன்றில் நம் பக்கத்து வண்டி இதுதான். அம்பாசடர் வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்தது, ஃபியட் பம்பாய் குர்லாவில். ஹெரால்டு நம் வண்டலூரில், 1961 முதல். மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, உருவம் வரைந்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் அதற்கு நாலு கதவு சலூன் வரவே இல்லை. அது இந்தியாவுக்கென்று செய்தது.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் பின் அச்சு. மற்ற வண்டிகளில் பின்பக்கம் ஒரே தண்டாக இருக்கும். ஹெரால்டில் இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும், குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஐந்து பேர் ஏறி டிக்கியில் அரிசி மூட்டையும் போட்டால் பின் சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். மெக்கானிக்குகளுக்கும் பழக்கமில்லாத அமைப்பு. 1970களின் தொடக்கத்தில் கெசல் என்று அடுத்த வண்டியை விட்டபோது கம்பெனியே அந்த அச்சைக் கைவிட்டது. 80களின் கடைசியில் கார் தயாரிப்பே நின்றது. ஸ்பேர் கிடையாது, தெரிந்த ஆள் கிடையாது. காயலான் கடைக்குப் போன வண்டிகளில் ஹெரால்டுக்கு முன்வரிசை.

நம் வண்டியும் அங்கேதான் போயிருக்க வேண்டியது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், பின்கட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் நின்றது. வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் போன் எடுக்காதவர். கையெழுத்து சேரும்வரை கொட்டகைப் பூட்டைத் திறக்கவில்லை. சேர்ந்ததும் வீட்டைச் சுத்தம் செய்ய வந்த ஆச்சி எனக்குச் சொல்லி அனுப்பினார். "தம்பி, இரும்புக்காரன் கிலோ கணக்குப் போட்டுட்டுப் போயிருக்கான். வெள்ளிக்கிழமை லாரி கொண்டாரானாம். உங்களுக்கு வேணும்னா அதுக்கு முன்னாடி எடுத்துக்கிடுங்க."

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த வீட்டிலிருந்து வெளியே போன எல்லாவற்றுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிராக்கி இருந்தது. எனாமல் தூக்குச் சட்டி, பர்மா தேக்குக் கதவு நிலை, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ஒற்றைக் கால் உடைந்த நாற்காலி, எல்லாவற்றையும் பழம்பொருள் என்று பேரம் பேசி வாங்கிப் போனார்கள். காரை மட்டும் எடை போட்டார்கள். சுமார் 800 கிலோ தேறும். நான் 35,000 ரூபாய் கொடுத்தேன். அது இரும்புக்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட. ஆச்சி அதற்கு மேல் கேட்கவும் இல்லை. பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டு, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்.

நான் சிக்ரியில் துருப்பிடித்தல் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிக்ரி என்பது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் இதே ஊரில் நடக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதுதான் அங்கே ஒரு பெரிய பிரிவின் முழுநேர வேலை. அதே ஊரில் துருவின் மேல் பட்டியை, அதாவது பள்ளம் நிரப்புகிற பசையை, அப்பி மறைக்கிற பட்டறைகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் முதலில் கேட்டேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, பதினஞ்சு நாள்ல புதுசாக்கித் தரேன்" என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

ஏன் கும்பிடு போட்டேன் என்று சொல்ல வேண்டும். துரு என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, தகரமே மாறிப்போனது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். இரண்டு தகடு சேர்கிற மடிப்பில் துரு ஏறினால் உள்ளிருந்தே தகட்டைப் பிளக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே துருவின் மேல் பட்டி வைத்தால் அதற்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த கணக்குதான். ஐப்பசி மழை தாண்டும்வரை வண்டி பளபளக்கும். தை மாதம் பெயிண்ட் கொப்பளிக்கும்.

செட்டிநாட்டில் ஒரு வசதி, கடல் உப்பு நம்மிடம் வருவதில்லை. கொட்டகையில் நின்ற வண்டியின் கூரையும் பானெட்டும் ஆச்சரியப்படும்படி நன்றாக இருந்தன. கெட்டது எல்லாம் இடுப்புக்குக் கீழே. மண் தரை, காற்று இறங்கிய டயர், அடியில் எப்போதும் ஈரம். கதவுகளின் அடிமடிப்பில் பழைய செம்மண் கட்டியாக நின்றிருந்தது. தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை அந்த மண்ணே அடைத்துவிட்டது. பின்சீட்டுக்கு அடியில் எலிகள் பரம்பரை பரம்பரையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. எலி மூத்திரம் தகரத்துக்கு எமன். அந்த இடத்தில் தளமே இல்லை, கொட்டகையின் தரை தெரிந்தது.

இனி கோவிலூர் ரோட்டு மேஸ்திரி. அவர் வண்டியைப் பார்த்த விதத்துக்கே பாதி மார்க் போட்டுவிட்டேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதை ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே வந்தார். தகரம் இருந்தால் பிடிக்கும், உள்ளே பட்டி இருந்தால் நழுவும். இடது பின் மட்கார்டில் காந்தம் நிற்கவே இல்லை. ஏதோ ஒரு காலத்து விபத்தை விரல் கனத்துக்குப் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். நுனியில் நெம்பியதும் அது அப்பளமாக உடைந்து விழுந்தது. பிறகு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். "கணீர்னு வந்தா விட்டுரலாம் சார். பொத்துனு வந்தா வெட்டணும்." வெட்ட வேண்டிய இடமெல்லாம் சாக்பீஸ் கோடு. கடைசியில் வண்டியின் கீழ்ப்பாதி முழுக்கக் கோடாக இருந்தது.

முன் சக்கரத்தருகே வந்தபோது அவர் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. "இதுல கிரீஸ் அடிச்சிருக்கானுங்க. இது கியர் ஆயில் கேக்குற எடம்." ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் சக்கரம் திரும்புகிற அடிமுட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். டிரன்னியன் என்பார்கள். அதற்கு இ.பி. 90 என்ற கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் விட்டால் மரைக்குள் பரவாது, தண்ணீர் புகும், உள்ளே இருக்கிற எஃகுத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் பட்டென்று முறியும், சக்கரம் மடங்கும். இங்கிலாந்துக்காரர்கள் பக்கம் பக்கமாக எச்சரித்து எழுதியிருக்கிற விஷயம். இவர் எங்கேயும் படிக்கவில்லை. பையனாக இருந்தபோது வேலை கற்றுக்கொடுத்தவர் தலையில் குட்டிச் சொன்னதாம்.

வேலையைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு கொடுப்பது இதற்குத்தான். ஹெரால்டில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகவே முன்னோக்கிக் கவிழும், இன்ஜினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கழற்றப் போனால் ஐம்பது வருட போல்ட் ஒன்றும் அசையவில்லை. பையன்கள் ஸ்பானரைப் போட்டு முறுக்கப் பார்த்தார்கள். மேஸ்திரி விடவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, கேஸ் நெருப்பில் நட்டை மட்டும் சூடேற்றி, ஆற விட்டு, மறுபடி சூடேற்றி, ஒவ்வொன்றாக எடுத்தார். முறிந்தது சிலதுதான்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களில் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்துப் பொட்டு வெல்டிங் பிடித்தார். பலர் இதைச் செய்வதில்லை. அடித்தளத்தை வெட்டியதும் பாடி ஒரு நூல் இறங்கிவிடும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் கதவு சரியாகச் சாத்தாது. என் வண்டியில் இப்போது நாலு கதவும் விரலால் தள்ளினால் சாத்துகின்றன.

சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உண்டு, அவுட்ரிகர் என்பார்கள், பாடியைத் தாங்குவது அவைதான். எல்லாம் பொத்தல். மிச்சமிருந்ததை அட்டையில் வரைந்து, 16 கேஜ் தகட்டில் வெட்டி மடித்துப் புதிதாகச் செய்தார். தளத்துக்கு 18 கேஜ், வெளித் தகரத்துக்கு 20 கேஜ். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லியது. மட்கார்டின் வளைவை மணல் மூட்டையில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டியே கொண்டுவந்தார். அதைப் பார்க்க நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தைச் சுற்றித் துணி கட்டி, அங்கே கிரைண்டரே கொண்டு போகவில்லை. நான் சொல்லாமலே செய்தார். அந்த நம்பர் சிதைந்தால் வண்டி மறுபடி இரும்புதான்.

எங்களுக்குள் சண்டையும் நடந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமருக்கு அவர் வழக்கம் ரெட் ஆக்சைடு. நான் ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர் வேண்டும் என்றேன். "நீங்களே வாங்கிட்டு வாங்க, அடிச்சுத் தரேன்" என்றார், அதுவும் சரிதான். அடுத்தது, தகரம் பெட்டி மாதிரி மூடிக்கொள்கிற இடங்களுக்குள் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம். ஓடிய ஆயிலில் அமிலம் இருக்கும், ஒழுகி ரப்பரையும் கெடுக்கும். அதற்கென்று விற்கிற மெழுகைத்தான் பீய்ச்ச வேண்டும் என்றேன். "எங்க வாத்தியார் ஆயில்தான் ஊத்துனாரு" என்றார். "உங்க வாத்தியார் பார்த்த வண்டி எத்தனை இன்னும் ஓடுது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மெழுகுக்குச் சம்மதித்தார். இரண்டிலும் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பொருள் உங்களுடையதாக இருந்தால் வேலையை உங்கள் சொல்படி செய்வார்.

இன்ஜின் வேலை அங்கே கிடையாது. 948 சிசி, சின்ன இன்ஜின். இறுகிப் போயிருந்தது, பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஊற வைத்ததில் இளகியது. சிலிண்டர் போரிங்கெல்லாம் மதுரையில். சில்லறைச் சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. சஸ்பென்ஷன் சாமான் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது, டிரையம்ஃபுக்கு அங்கே இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நாலு கதவு பாடிக்கான தகரமும் கண்ணாடி ரப்பரும் மட்டும் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. அதனால்தான் தட்டிச் செய்யத் தெரிந்த ஒரு டிங்கர் இந்த வண்டிக்கு உயிர்.

இனி குறைகள். பொங்கலுக்குத் தருகிறேன் என்றார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்டு வாங்கவில்லை என்று இப்போது வீட்டில் கேலி செய்கிறார்கள். போனை எடுக்க மாட்டார். கையில் கிரைண்டர் இருப்பதால் என்பார், ஆனால் சாயங்காலம் கிரைண்டர் இல்லாதபோதும் எடுப்பதில்லை. நேரே போய் நின்றால் வேலை நகரும், போகாவிட்டால் அன்று வேறு வண்டி நகரும். பில் கிடையாது. ஒரு டைரியில் எழுதி வைக்கிறார், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஒளிவு மறைவு இல்லை.

பெயிண்ட் அடிப்பது திறந்த கொட்டகையில். தரையில் தண்ணீர் தெளித்து விடியற்காலையில் அடிப்பார், இருந்தும் செம்மண் தூசி கூரையில் பொரிப் பொரியாக உட்கார்ந்திருக்கிறது. தேய்த்துப் பாலிஷ் போட்டும் முழுக்கப் போகவில்லை. பழைய வெளிர்நீலத்துக்கு நிறம் சேர்த்ததில் குறையில்லை. வயரிங்குக்கு அவர் ஓர் ஆளைக் கூட்டிவருவார். கூட்டிவர விடாதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் எரிந்தது. முழுவதையும் பிரித்து வேறு இடத்தில் கட்டினேன்.

செலவு: டிங்கரிங் கூலி 85,000. தகடு, கேஸ், பிரைமர் 22,000. பெயிண்டிங் 48,000. ஆக பட்டறைக்கு 1,55,000. பட்டி பூசுகிற இடத்தில் இதில் பாதி ஆகியிருக்கும். சென்னையில் இதே வேலைக்கு என்ன கேட்பார்கள் என்று விசாரித்தவர்கள் என்னிடம் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காகித வேலைக்குப் பட்டறை பொறுப்பில்லை, ஆனால் வண்டி எடுக்கும் முன்பே இதை யோசியுங்கள். நான் எடுக்கும் முன் பார்த்தது ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்பதைத்தான். பெயரில் இருந்தவர் காலமாகிவிட்டதால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து ஆச்சி பெயருக்கு, பிறகு அவரிடமிருந்து எனக்கு. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 தனி, பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி உண்டு: 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு. 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். சேஸிஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றியமைத்திருக்கவும் கூடாது. எனக்குச் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போக வேண்டும், பேத்தியை ஸ்கூலில் விட வேண்டும். சாதாரணப் புதுப்பித்தலே போதும் என்று விட்டேன்.

வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். மலை ஏறாது, அவசரப்படாது. ஆனால் திரும்புவதைப் பார்க்க வேண்டும். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், கானாடுகாத்தான் தெருவில் ரிவர்ஸ் போடாமல் திருப்பினேன், பின்னால் வந்த ஆட்டோக்காரரே நிறுத்தி வேடிக்கை பார்த்தார். மழையில் ஒருமுறை நன்றாக நனைந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் ஓட்டை வழியாக வடிந்து போனது, தளத்தில் ஈரம் இல்லை.

ஆக, உங்கள் வண்டியில் தகரம் போயிருக்கிறது, இன்ஜினுக்கு வேறு ஆள் இருக்கிறார், வாரம் ஒருமுறை நேரில் போய் நிற்க முடியும் என்றால் இங்கே கொடுங்கள். வெளியூரிலிருந்து போனில் வேலை வாங்க நினைப்பவர்கள், கல்யாணத் தேதி வைத்துக்கொண்டு வருபவர்கள் வேண்டாம். பிரைமரையும் மெழுகையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், வயரிங் பேச்சு வந்தால் பேச்சை மாற்றுங்கள். மழைக்காலத்தில் அவர் பெயிண்ட் துப்பாக்கியைத் தொடுவதில்லை. இப்போது ஒரு பழைய ஃபியட் தளம் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது, அது இறங்கும்வரை அடுத்த வண்டி எடுக்க மாட்டாராம். கார்த்திகை கழித்துப் போய்க் கேட்டுப் பாருங்கள்.